எண் எழுதிய பக்கம்

அக்காவுக்கு ஏழு வருஷம் கழித்துப் பிறந்தவள் என்பதால் வீட்டில் அவளை இளையவள் என்றே சொல்லிப் பழக்கம். சிவில் இன்ஜினியரிங் முடித்த நாலாவது மாதம் வெளிநாட்டில் வேலை கிடைத்தது. விமானம் இறங்கிய மூன்றாம் நாள் வேலையில் சேர்ந்தாள். நியமனக் கடிதத்தில் 'பொறியாளர், ஆய்வுப் பிரிவு' என்று இருந்தது. வேலை என்னவென்றால் கான்கிரீட் கட்டைகளை உடைப்பது.

ஒரு கட்டிடம் எழும்பும்போது அன்றன்று ஊற்றுகிற கான்கிரீட்டில் கொஞ்சம் எடுத்து, இரும்பு அச்சில் போட்டு, கம்பியால் குத்தி இறுக்கிக் கனசதுரக் கட்டைகளாக வார்ப்பார்கள். மறுநாள் அவை ஆய்வகத்துக்கு வரும். இருபத்தெட்டு நாள் தண்ணீர்த் தொட்டியில் கிடக்கும். பிறகு எடுத்துத் துடைத்து, எடை போட்டு, அழுத்தும் எந்திரத்தில் வைத்து, நொறுங்கும் வரை அழுத்தி, எவ்வளவு தாங்கியது என்று எழுத வேண்டும். ஒரு கட்டை எட்டுக் கிலோ. ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது கட்டைகள். முதல் மாதத்திலேயே விரல் நுனிகள் வெடித்து, கைபேசி அவள் ரேகையை அடையாளம் காண மறுத்துவிட்டது.

'லேப்ல வேலை' என்றுதான் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். அம்மா அதை அப்படியே எதிர்வீட்டில் சொல்ல, எதிர்வீட்டு மாமா தன் சர்க்கரை அளவு அச்சிட்ட தாளைப் படம் எடுத்து அனுப்பி, இது பரவாயில்லையா என்று கேட்டிருந்தார். 'டாக்டரைப் பாருங்க மாமா' என்று பதில் போட்டாள். இவ்வளவு பெரிய லேப்பில் இருந்தும் பெண்ணுக்கு என்ன அடக்கம் என்று அவர் மெச்சிக்கொண்டதாக அம்மா அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொன்னாள்.

அறை நாலாவது மாடியில். இரண்டு கட்டில், ஒரு அலமாரி, எதிர்க் கட்டிடத்தின் குழாய்களைப் பார்த்த ஜன்னல். இன்னொரு கட்டில் ஒரு நர்ஸ் அக்காவுடையது. அவளுக்கு வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். இருவரும் ஒரே சமயத்தில் விழித்திருப்பது வாரத்துக்கு நாலைந்து மணி நேரம் இருந்தால் அதிகம். மற்றதெல்லாம் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய சீட்டில் நடக்கும். பால் இல்லை. குழாய் ரிப்பேர்காரர் பத்து மணிக்கு வருவார். உன் அலாரம் என்னை எழுப்புகிறது, உன்னை எழுப்புவதில்லை. தன்னை நர்ஸ் அக்காவுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று முதல் மாதம் முழுக்க இளையவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒன்றும் இல்லை. அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

பஸ் நிறுத்தத்திலிருந்து ஆய்வகத்துக்குப் பன்னிரண்டு நிமிட நடை. ஒரு டயர் கடை, ஒரு மரக்கிடங்கு, நீளமாக ஒரு மதில். வழியில் யாரும் யாரையும் எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை. ஆரம்பத்தில் அது நிம்மதியாக இருந்தது. போகப் போக, அது அப்படி இருந்தது, அவ்வளவுதான்.

ஆய்வகத்தில் தமிழ் தெரிந்தவர் மேனேஜர் ஒருவர்தான். ஆனால் அவர் வாசல்படி தாண்டினால் தமிழைச் செருப்போடு வெளியே விட்டுவிடுகிற ஆள். மற்றவர்களுக்குப் புரியாத மொழியில் இருவர் பேசினால் மூன்றாமவர் சந்தேகப்படுவார் என்பது அவர் கட்சி. அதனால் வேலை நேரத்தில் அவள் காதில் விழுகிற தமிழ், செவ்வாயும் வெள்ளியும் வண்டியில் கட்டை கொண்டுவருகிற ஒருவருடையதாக இருந்தது. ஒரு பெரிய கட்டிட சைட்டில் கட்டை வார்ப்பதே அவர் வேலை. எல்லோரும் கட்டைக்காரர் என்பார்கள். ஆள் என்னவோ நெட்டை. நாற்பத்தைந்து வயது இருக்கும். ஊரில் மனைவியும் ஒன்பதாவது படிக்கிற ஒரு பெண்ணும்.

"என்ன தங்கச்சி, இன்னிக்கு எத்தனை பேரைக் கொன்னீங்க?" என்று கேட்டுக்கொண்டே இறங்குவார்.

"முப்பத்தாறு அண்ணே."

"பாவம், எல்லாம் நல்ல குடும்பத்துப் பிள்ளைங்க."

அவர் கொண்டுவரும் கட்டைகளில் ஓரம் உடைந்து ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை. ஒவ்வொன்றையும் ஈரச் சாக்கில் சுற்றி, ஒன்றோடொன்று இடிக்காமல் அடுக்கியிருப்பார். தேதியும் எண்ணும் சிவப்புப் பெயிண்டில், பள்ளிக்கூடத்துக் கரும்பலகை எழுத்துப் போலக் குண்டு குண்டாக இருக்கும். எப்போதும் மேல்பக்கத்திலேயே எழுதுவார்.

"மத்தவங்கல்லாம் பக்கவாட்டுல எழுதறாங்க. நீங்க மட்டும் ஏண்ணே மேல எழுதறீங்க?" என்று ஒருமுறை கேட்டாள்.

"மத்த அஞ்சு பக்கமும் அச்சுல ஒட்டி இருந்ததும்மா. எண்ணெய் பட்டு வழவழன்னு இருக்கும், பெயிண்ட் நிக்காது. மேல கரண்டியால தேய்ச்சு விடறோம்ல, அது சொரசொரன்னு இருக்கும். எழுத்து புடிச்சுக்கும். தொட்டியில ஒரு மாசம் கெடந்தாலும் போகாது."

ஐந்தாம் மாதம் முடியப்போகிற சமயத்தில், அந்த சைட்டின் மூன்றாம் மாடித் தூண்களுக்கான ஆறு கட்டைகளை அவள் உடைத்தாள். தாங்கும் பலம் நாற்பது வர வேண்டும். முதல் கட்டை முப்பத்தொன்றில் நொறுங்கியது. அடுத்தது முப்பது. ஆறில் ஒன்றுகூட முப்பத்திரண்டைத் தாண்டவில்லை. எழுதி மேனேஜரிடம் கொடுத்தாள். அவர் தாளை இரண்டு முறை பார்த்துவிட்டு சைட்டுக்குப் போன் செய்தார்.

மூன்றாம் மாடியில் வேலை நின்றது. தூண்களை இடிக்க வேண்டுமா, வேண்டாமா என்ற பேச்சு எழுந்தது. அதைத் தீர்மானிக்க, தூணிலேயே துளை போட்டு உருளையாக நாலு துண்டு வெட்டி எடுத்து இன்னொரு ஆய்வகத்தில் சோதித்தார்கள். நாலும் நாற்பத்துமூன்றுக்குக் குறையவில்லை. தூண் கல் மாதிரி இருந்தது. ஆறு நாள் சும்மா கிடந்த வேலை ஏழாம் நாள் தொடங்கியது.

தூண் நன்றாக இருந்து, அதே கான்கிரீட்டில் செய்த கட்டை மட்டும் மோசமாக இருந்தால், கட்டையைச் சரியாகச் செய்யவில்லை என்று அர்த்தம். கம்பியால் குத்தும்போது எண்ணிக்கை குறைந்தால் உள்ளே காற்று தங்கிவிடும். கட்டை பலமிழக்கும். சைட்டில் அப்படித்தான் முடிவு செய்தார்கள். கட்டைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவரும் இருக்கலாம் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவரை வேறு சைட்டில் சாரம் கட்டுகிற கூட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். இதையெல்லாம் வண்டி ஓட்டுநர் சொல்லித்தான் இளையவள் தெரிந்துகொண்டாள். அவளுக்கு வருத்தமாக இருந்தது. இவ்வளவு கவனமான மனிதர் இப்படிச் செய்திருப்பாரா என்று தோன்றியது. மனிதர்தானே என்றும் தோன்றியது. அத்தோடு விட்டுவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, அந்த சைட்டிலிருந்து புது ஆள் ஒருவர் முதல் தடவையாகக் கட்டை கொண்டுவந்தார். இறக்கி வைத்துவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். அவள் குனிந்து எண்களைப் பதிவேட்டில் எழுதத் தொடங்கினாள். மேல்பக்கத்தில் ஒன்றும் இல்லை. கட்டையைப் புரட்டினாள். பக்கவாட்டில் எண் பாதி அழிந்து இருந்தது. அடுத்ததையும் புரட்ட வேண்டியிருந்தது. மூன்றாவதைப் புரட்டும்போது கை நின்றுவிட்டது.

கட்டைக்காரரின் கட்டைகளில் எண் மேல்பக்கத்தில் இருக்கும். எந்திரத்தில் வைக்கும்போது அந்தச் சொரசொரப்பான பக்கம் பக்கவாட்டுக்குப் போக வேண்டும். வழவழப்பான பக்கங்கள்தான் மேலும் கீழும் வர வேண்டும். மேடுபள்ளமான பக்கத்தின் மேல் அழுத்தினால் பாரம் ஒரே சீராக இறங்காது, கட்டை சீக்கிரம் உடைந்துவிடும். இது கல்லூரியில் படித்தது. சேர்ந்த அன்றைக்கு மேனேஜர் செய்து காட்டியது. ஒவ்வொரு நாளும் அவள் யோசிக்காமலே செய்வது.

அந்த ஆறு கட்டைகளை உடைத்த நாள் மட்டும் அப்படிச் செய்யவில்லை. அதற்கு முந்தைய வாரம் இரண்டு சைட்டுகளின் எண்களை யாரோ மாற்றி எழுதி, மேனேஜர் எல்லோரையும் நிற்க வைத்துப் பேசியிருந்தார். அந்த ஆறு கட்டைகளைத் தொட்டியிலிருந்து எடுத்தபோது பக்கத்திலேயே வேறொரு சைட்டின் ஆறு கட்டைகள், அதே சிவப்புப் பெயிண்டில் இருந்தன. மாறிவிடக் கூடாதே என்று அவள் ஒவ்வொரு கட்டையையும் எண் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்தாள். எந்திரத்தின் கம்பி வலைக் கதவைச் சாத்திய பிறகும், மேலே அழுத்தும் தகடு இறங்கும் வரை, நின்றபடியே எண்ணைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். நின்றபடி பார்த்தால் தெரிந்தது என்றால், எண் மேலேதான் இருந்திருக்கிறது. எண் ஒன்றுகூட மாறவில்லை. அந்த மட்டில் அவள் ஜாக்கிரதையாகத்தான் இருந்தாள்.

உடைந்த துண்டுகள் என்றைக்கோ குப்பை லாரியில் போயிருந்தன. அவளைத் தவிர இதைச் சொல்ல உலகத்தில் யாரும் இல்லை. கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தாள். பதிவேட்டில் மிச்ச எண்களை எழுதி முடித்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

வேலையில் முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம். அது முடிந்தால்தான் வேலை நிரந்தரம். வேலை போனால் இருப்பதற்கான அனுமதியும் போகும், ஒரு மாதத்தில் கிளம்ப வேண்டும். இன்னும் மூன்று வாரம் இருந்தது. இதை அவள் யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை மாலை முழுக்க அதைத்தான் யோசித்தாள்.

சனிக்கிழமை மதியம் நர்ஸ் அக்கா கட்டிலில் உட்கார்ந்து கால்விரல் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். இளையவள் எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா நகம் வெட்டுவதை நிறுத்தாமல் கேட்டாள்.

"எங்க வார்டுல இதுக்குன்னே ஒரு ஃபாரம் இருக்குடி," என்றாள் கடைசியில். "தப்பு நடந்தா எழுதிக் கொடுக்கணும். நான் ரெண்டு தடவை கொடுத்திருக்கேன்."

"பயமா இல்லையா?"

"முதல் தடவை கை நடுங்கிச்சு. ரெண்டாவது தடவை ஸ்பெல்லிங் மட்டும் பாத்துக்கிட்டேன்."

"எழுதினதுக்கப்புறம் என்ன ஆச்சு?"

"வந்து தூங்கினேன். நைட் டூட்டி பாத்துட்டு வந்திருந்தேன்ல." நகத்துண்டுகளைத் தாளில் மடித்துக் குப்பையில் போட்டாள். "உன்னைச் சொல்லுன்னும் சொல்லல, சொல்லாதேன்னும் சொல்லல. வேலை போனா எனக்குப் புதுசா ஒரு ஆள் தேடணும். அதுதான் எனக்குக் கஷ்டம்."

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்குப் பேசினாள். அப்பா பஸ் டிப்போவில் டைம்கீப்பர். அன்று அவருக்கு விடுமுறை. அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"நான் வேலையை விட்டுட்டு வந்தா என்ன சொல்வீங்க?"

அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் கேட்டது.

"உடம்பு சரியில்லையா?" என்றார் அப்பா.

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல."

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லப்பா. சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கற கேள்வியா இது?" என்றாள் அம்மா. "வர்றதுன்னா வா. இது உன் வீடு. ஆனா வந்து என்ன பண்ணுவேன்னு யோசிச்சு வெச்சுக்கிட்டு வா. உங்க அக்கா மாதிரி வந்து உக்காந்துக்கிட்டு, அம்மா இப்ப என்ன பண்றதுன்னு என்னைக் கேக்கக்கூடாது."

"அவ எப்ப கேட்டா?" என்று அப்பா அக்காவுக்குப் பரிந்து வர, பேச்சு அங்கே திரும்பி, அக்காவின் மாமியார் வீட்டு விவகாரத்தில் போய் நின்றது. இளையவள் கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்த பிறகு ஒரு தாளை எடுத்து, நடந்ததை எட்டு வரியில் எழுதினாள். இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தியதால் மறுபடி சுத்தமாக எழுதினாள்.

திங்கட்கிழமை காலை மேனேஜர் அறைக்குப் போய் நின்று, அலுவலக மொழியிலேயே சொல்லத் தொடங்கினாள். இரண்டாவது வாக்கியத்தில் அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"உக்காருங்க. தமிழ்லயே சொல்லுங்க," என்றார்.

அந்தக் கட்டிடத்துக்குள் அவர் தமிழ் பேசி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. சொன்னாள். அவர் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"ரூம்ல இருக்கற அக்காவுக்கு."

"அவங்க எங்க வேலை பாக்கறாங்க?"

"ஆஸ்பத்திரியில சார். நர்ஸ்."

"சரி." ஒரு கோப்பைத் திறந்து ஒரு தாளை அவள் பக்கம் திருப்பினார். கட்டைக்காரரின் அதே குண்டு எழுத்தில் கீழே கையெழுத்து இருந்தது. "பாருங்க. செஞ்சவரே ஒத்துக்கிட்டார். தூணைத் துளை போட்டுப் பாத்தாச்சு, தூண் நல்லா இருக்கு. கட்டிடத்துக்கு ஆபத்து இல்ல. ஃபைல் மூடியாச்சு."

"அவர் சரியாத்தான் செஞ்சிருக்கார் சார்."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க பக்கத்துல நின்னு பாத்தீங்களா?"

"பாக்கல. ஆனா நான் வெச்சது தப்புன்னு எனக்குத் தெரியும்."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். பேச்சின் தொனி கொஞ்சம் மாறியது.

"உங்களுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கு. அதுக்கப்புறம் நீங்க நிரந்தரம். அதுக்கப்புறம் வந்து இதைச் சொன்னீங்கன்னா, கண்டிச்சு ஒரு லெட்டர் கொடுப்பாங்க, அதோட போச்சு. இப்பச் சொன்னா, உங்களை வெச்சுக்கறதா வேண்டாமான்னு மேல இருக்கறவங்க முடிவு பண்ணுவாங்க. என் கையில இல்ல. நான் சொல்றது புரியுதா?"

புரிந்தது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பதும் புரிந்தது. பதினெட்டு நாள் ஒன்றும் பெரிய காலம் இல்லை. அவள் ஒரு கணம் அந்தப் பக்கம் சாய்ந்தாள் என்பதுதான் உண்மை. பிறகு கைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து மேஜை மேல் வைத்தாள். பதினெட்டு நாள் இதைக் கையில் வைத்துக்கொண்டு, தினம் நாற்பது கட்டைகளை உடைத்து எண் எழுத அவளால் ஆகாது என்று தோன்றியது. காரணம் அவ்வளவுதான்.

"எழுதியே கொண்டாந்துட்டீங்களா?"

"ஆமா சார்."

"அப்புறம் எதுக்கு என்கிட்ட கேட்டீங்க?"

"கேக்கல சார். சொன்னேன்."

அவர் தாளைப் படித்தார். பேனாவால் ஒரு இடத்தைத் தட்டினார். "தேதி தப்பு. நீங்க உடைச்சது பதினாலு இல்ல, பதினஞ்சாம் தேதி." அவள் திருத்திச் சுருக்கொப்பம் போட்டாள். பெற்றுக்கொண்டதாக அவரும் கீழே கையெழுத்திட்டு, நேரத்தையும் குறித்தார். பிறகு எழுந்து கதவைத் திறந்துவிட்டு, வேலை நேரம் ஆகிவிட்டது என்று அலுவலக மொழியில் சொன்னார்.

நாலு நாள் அவளுக்கு எந்த வேலையும் கொடுக்கவில்லை. வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்து பழைய அறிக்கைகளைத் தேதிவாரியாக அடுக்கினாள். ஐந்தாம் நாள் மேலிடத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். ஒரே நாளில் வார்த்த உபரிக் கட்டைகள் ஆறு தொட்டியில் கிடந்தன. அன்றைக்கு எப்படி வைத்தாயோ அப்படி மூன்றை வை என்றார். இளையவள் சொரசொரப்பான பக்கம் மேலே இருக்கும்படி வைத்தாள். முப்பத்திரண்டு, முப்பத்தொன்று, முப்பத்துமூன்று. மற்ற மூன்றையும் முறைப்படி வைத்து அந்த அம்மாளே உடைத்தார். மூன்றும் நாற்பத்திரண்டுக்கு மேல். ஆறு எண்களையும் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

பழைய அறிக்கை ரத்து என்றும், பிழை ஆய்வகத்துடையது, கட்டை செய்தவருடையது இல்லை என்றும் சைட்டுக்குக் கடிதம் போனது. இளையவளை வேலையிலிருந்து எடுக்கவில்லை. தகுதிகாண் காலத்தை இன்னும் ஆறு மாதம் நீட்டினார்கள். எந்திரத்திலிருந்து மாற்றி, மணல் சலிக்கிற அறைக்கு அனுப்பினார்கள். அன்று மாலை சைட் இன்ஜினியர் அவளைப் போனில் கூப்பிட்டார். அவரும் தமிழர்தான்.

"ஆறு நாள் என் வேலை நின்னுச்சு. தெரியும்ல?"

"தெரியும் சார். மன்னிச்சுடுங்க."

அவர் இன்னும் ஏதோ சொல்லத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் "சரி, வைக்கறேன்," என்றார்.

கடிதம் சைட்டுக்குத்தான் போயிருந்தது. கட்டைக்காரருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. ஓட்டுநரிடம் விலாசம் கேட்டுக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறி அந்தப் புது சைட்டுக்குப் போனாள். அவர்களுக்கு ஞாயிறு அரை நாள் வேலை. வாசல் காவலாளி உள்ளே விடவில்லை. வேலிக்கு வெளியே காத்திருந்தாள். மதியம் மணி அடித்ததும் கூட்டத்தோடு கட்டைக்காரர் வந்தார். சாரக் குழாய்களைச் சுமந்து தோள்பட்டையில் சட்டை கிழிந்திருந்தது.

"என்ன தங்கச்சி இங்க?"

வேலியோரம் கிடந்த பலகையில் உட்கார்ந்தார்கள். அவள் ஒன்றையும் விடாமல் சொன்னாள். எண் எழுதிய பக்கத்தை மேலே வைத்ததைச் சொன்னபோது அவர் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப நான் சரியாத்தான் குத்தினேனா?"

"சரியாத்தான் குத்தியிருக்கீங்கண்ணே."

கட்டைக்காரர் தன் இரண்டு கைகளையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"ஒரு அச்சை மூணு தவணையா நெரப்பணும். தவணைக்கு முப்பத்தஞ்சு குத்து. நான் எண்ணித்தான் குத்துவேன். அன்னிக்கு நடுவுல பொண்ணு போன் பண்ணா. பரீட்சை பேப்பர் கொடுத்துட்டாங்கன்னு. பேசிக்கிட்டே குத்தினேன். அவங்க கூப்பிட்டு வெச்சுக் கேட்டப்ப எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு. எண்ணிக்கை விட்டுப்போயிருக்கும்னு நானே நெனச்சுக்கிட்டேன். அதான் கையெழுத்து போட்டேன்."

பலகையில் ஒட்டியிருந்த சிமெண்டை நகத்தால் சுரண்டினார்.

"அதுக்கப்புறம் பகல்ல அவ போன் பண்ணா எடுக்கறதில்ல. மூணு வாரமாச்சு. அப்பாவுக்கு எம்மேல கோவமான்னு அவங்கம்மாகிட்ட கேட்டாளாம்."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. வேலை மாறியது, சுமை தூக்குவது, பேர் கெட்டது என்று அவள் மனசில் போட்டு வைத்திருந்த கணக்கில் இது இல்லை. மன்னிப்புக் கேட்டாள். அவர் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"கோவம் வருது தங்கச்சி," என்றார். "வரலைன்னா பொய். ஆனா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்து மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டீங்க. உங்களைத் திட்டவும் வாய் வர மாட்டேங்குது. இது ஒரு தொந்தரவு."

எழுந்து போய்க் குழாயில் கை கழுவினார். சட்டையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். வேலியின் மறுமுனைக்கு நடந்துபோய், முதுகைக் காட்டி நின்று பேசினார். காற்று அந்தப் பக்கத்திலிருந்து வீசியதால் இரண்டொரு வார்த்தை காதில் விழுந்தது.

"நான்தான்... இல்ல, வேலை முடிஞ்சிடுச்சு... கோவமா? எனக்கென்னடா கோவம்... இந்தத் தடவை கணக்குல எவ்வளவு?... சரி, மத்ததையும் சொல்லு."

பேச்சு நீண்டுகொண்டே போனது. விடைபெறக் காத்திருப்பதா, போய்விடுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. பஸ் வருகிற நேரமானதும் அவர் பக்கம் கையை உயர்த்திக் காட்டினாள். அவரும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் கையை உயர்த்தினார்.

ஒன்றரை மாதம் கழித்து அவரை மறுபடி பழைய வேலைக்கே கூப்பிட்டுக்கொண்டார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை வண்டியிலிருந்து இறங்கியவர், மணல் அறை வாசலில் அவளைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா மேடம்?" என்றார். மரியாதைக்குக் குறைவில்லை, சிரிப்பும் இருந்தது. தங்கச்சி என்று அதன்பிறகு அவர் கூப்பிடவில்லை. இதையெல்லாம் கேட்டு வாங்க முடியாது என்பதால் அவளும் கேட்கவில்லை.

மணல் அறையில் வேலை சுலபம், ஆனால் சத்தம் அதிகம். ஒன்றின் மேல் ஒன்றாக ஏழு சல்லடைகள், அவற்றை ஆட்டுகிற ஒரு மோட்டார். பருமணல் மேலே தங்கும், பொடி கீழே போகும். ஒவ்வொரு சல்லடையிலும் தங்கியதை எடை போட்டு எழுத வேண்டும். பக்கத்து மேஜையில் செங்கல் சோதிக்கிற பெண்ணோடு சாப்பாட்டு நேரத்தில் பேச ஆரம்பித்தாள். அவள் மொழி இவளுக்குத் தெரியாது, இவள் மொழி அவளுக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் அரைகுறையாகத் தெரிந்த மூன்றாவது மொழியில் மேனேஜரைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். அதற்கு அந்த அளவு மொழி போதுமானதாக இருந்தது. மணல் அறைக்கு வந்த நாலாம் மாதம் அவளை மறுபடி எந்திரத்துக்கு மாற்றினார்கள். வேலையில் சேர்ந்த பன்னிரண்டாம் மாத முடிவில் வேலை நிரந்தரமானது. மேனேஜர் கடிதத்தைக் கொடுத்துக் கைகுலுக்கினார், அலுவலக மொழியில் வாழ்த்தினார்.

அதே வாரத்தில் அறையின் ஒப்பந்தம் முடிந்தது. மாலை நாலு மணிக்கு நர்ஸ் அக்கா டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வாயில் ஹேர்பின்னைக் கடித்தபடி கண்ணாடி முன்னால் நின்றாள்.

"வீட்டுக்காரம்மா கேக்கறா, இன்னொரு வருஷத்துக்குப் போடவான்னு. என்னடி சொல்ற?"

இளையவள் அடுப்பில் பருப்பை வேகவைத்துவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வருஷமா போட்டா ஒத்துப்பாளா?"

"கேட்டுப் பாக்கறேன்." அக்கா பின்னை எடுத்துக் கொண்டையில் செருகினாள். "ஜன்னல் பக்கத்துக் கட்டில் எனக்கு வேணும். வெயில் காலத்துல இந்தப் பக்கம் தூங்க முடியல."

"எடுத்துக்கங்க."

அக்கா போன பிறகு அவள் இரண்டு கட்டில்களையும் இழுத்து இடம் மாற்றினாள். அடியில் சேர்ந்திருந்த தூசியைப் பெருக்கி எடுத்தாள். தன் பெட்டியை இந்தப் பக்கம் நகர்த்திவிட்டு, அடுப்பை அணைக்கப் போனாள்.